வெர்னன் ஸ்ப்ரெங்கிள் செத்த அழகு

போர்ப் படங்கள்மீது எனக்கு ஒரு பகையும் கிடையாது. அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசுகிறார்களே, அவர்களைத்தான் என்னால் சகிக்க முடியாது. எங்கள் ஊர்த் தியேட்டர் என்னுடையது. ஒரே திரை. மழை பெய்தால் மூன்றாவது வரிசைக்கு மேல் ஒழுகும். தெற்குப் பென்சில்வேனியாவில் இத்தனை சின்ன ஊருக்கு ஒரு தியேட்டர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோரும் என்னிடம் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஹாரிஸ்பர்க்குக்குக் கார் ஏறிப் போய் அங்கே படம் பார்ப்பார்கள்.

நவம்பரில் மட்டும் இங்கே வருவார்கள். படைவீரர் தினம் வருகிற மாதம் என்பதால் ஞாயிறு மதியங்களில் போர்ப் படம் போடுவது என் அப்பா காலத்து வழக்கம். படம் முடிந்ததும் முன்கூடத்தில் காபியும், பிரெட்செல் என்கிற உப்பு முறுக்கும் உண்டு. எது உயர்ந்த போர்ப் படம் என்கிற சண்டையும் உண்டு. பாதிப் பேர் அந்தச் சண்டைக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஹைன்ஸ் என்று ஒரு சரித்திர வாத்தியார். வேலையில் இருந்தவரை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், ஓய்வு பெற்றபின் எங்களுக்கு எடுத்தார். படம் பார்த்தவன் போரையே வெறுத்து வீட்டுக்குப் போனால்தான் அது உயர்ந்த படம் என்பது அவர் கட்சி. "போரின் அர்த்தமின்மை" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார். போரை வெறுப்பதற்காக ஒரு நவம்பர்கூடத் தவறாமல் வந்தார். பெரிய வாளி பாப்கார்னோடு, வெண்ணெய் கூடுதலாக ஊற்றச் சொல்லி. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற யூனிஸுக்குப் படத்தில் ஒரு அம்மா வேண்டும். அந்த அம்மா ஜன்னலோரம் நிற்க வேண்டும், வாசலில் ராணுவக் கார் வந்து நிற்க வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது. குடல் சரிந்தவன்கூட மரியாதையாகப் பேசிவிட்டுத்தான் சாக வேண்டும். டிராக்டர் கடை லெய்ட்னர் சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கருத்து. உட்கார்ந்திருக்கிற நாற்காலி அதிர வேண்டும், அவ்வளவுதான்.

"உன் ஸ்பீக்கர்ல பீரங்கி சுட்டா பக்கத்து வீட்ல யாரோ கதவ சாத்துன மாதிரி இருக்கு நோரீன்" என்பான் பெரியவன்.

"பீரங்கிச் சத்தம் வேணும்னா பட்டாளத்துல சேந்திருக்கலாமே."

"வயசாயிடுச்சே!" என்பான் சின்னவன். இருபது வயதிலும் அவனுக்கு அப்படித்தான் வயசாகியிருந்தது.

என் கருத்தை யாரும் கேட்டதில்லை. நிறைய வெடிக்கிற படம் பாப்கார்ன் விற்கும், நிறைய அழுகிற படம் ஒன்றும் விற்காது. எனக்குத் தெரிந்த விமர்சனம் இவ்வளவே.

இந்தக் கூட்டத்தை அப்படியே தூக்கிச் சாப்பிட்டவன் வெர்னன் ஸ்ப்ரெங்கிள். பள்ளியில் என்னோடு படித்தவன், ஆகவே அவர் இவர் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வராது. ஊரில் பாதி வீடுகளுக்கு அவன்தான் கம்பளம் விரித்தவன். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. மூலையில் ஒரு நூல் பிசிறு தெரியாது. அந்த அளவோடு நின்றிருந்தால் நல்ல மனிதன் என்று எழுதியிருப்பேன்.

நிற்கவில்லை. வெர்னன் ஒரு போர் வேஷக்காரன். எங்கள் பக்கம் இது ஒரு வியாதி. வாரக் கடைசியானால் தொந்தியும் நரையுமாக ஆண்கள் வடக்குப் படையின் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, யாராவது ஒரு பால்பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்தில், தாத்தாவுக்குத் தாத்தா காலத்து உள்நாட்டுப் போரை மறுபடி நடத்துவார்கள். தெற்குப் படைக்கு ஆள் குறைந்தால் நீலக் கோட்டைக் கழற்றிச் சாம்பல் கோட்டு போட்டுக்கொள்வார்கள். அடிமை ஒழிப்பு, நாட்டின் ஒற்றுமை எல்லாம் அப்போது கார் டிக்கியில் இருக்கும்.

மற்றவர்கள் பீர் குடிக்க ஒரு சாக்காக அதைச் செய்தார்கள். வெர்னனுக்கு அது மதம். கோட்டைக் கையால் தைத்தான். கம்பளம் தைத்த கை என்பதால் நன்றாகவே வந்தது. பித்தளைப் பட்டன்கள் மட்டும் புதுசாக மின்னின. அவை மங்கலாக வேண்டுமே! அதற்கு அந்தக் கூட்டத்தில் ஒரு கைவைத்தியம் உண்டு. அதை எனக்குச் சொன்னது அவன் மனைவி அர்லீன்.

"குளியலறை ஜன்னல்ல ஒரு ஜாடி வெச்சிருக்கான் நோரீன். உள்ள பட்டன் எல்லாம் ஊறுது."

"எதுல ஊறுது?"

"அவனோடதுலதான்."

"அவனோடதுன்னா?"

"கேக்காத. பல் தேய்க்கறப்ப எல்லாம் அதைப் பாத்துக்கிட்டே தேய்க்கறேன்."

இப்படிப்பட்டவன் போர்ப் படம் பார்க்க வந்தால் எப்படி இருக்கும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு ஞாயிறு, திரையில் ஒரு சின்னப் பையன் நண்பன் மடியில் தலை வைத்து உயிரை விட்டான். யூனிஸ் கைக்குட்டை நனைய வெளியே வந்தாள். வெர்னன் காபியை ஊதிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"குப்பைப் படம். பட்டன் துளையெல்லாம் மெஷின் தையல். கையால தெச்சிருக்கணும்."

"அந்தப் பையன் செத்துக்கிட்டிருந்தான் வெர்ன்! அப்ப நீ பட்டன் துளையவா பாத்த?" என்றாள் யூனிஸ்.

"அவன் கோட்டத்தானம்மா கிட்டத்துல காட்டினான். வேற எங்க பாக்கச் சொல்ற?"

இதை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவனுக்கு வேடிக்கையே வராது.

அவன் போருக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டிய வயதுதான். வியட்நாமுக்கு ஆள் எடுத்த காலத்தில் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தட்டைப் பாதங்களோடு கல்யாண வீடுகளில் விடிய விடிய போல்கா ஆடினான். பிற்பாடு அதே பாதங்களோடு, அடியில் ஆணி அடித்த பழங்காலத்துப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மைல் கணக்கில் அணிவகுத்தான். அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை, பரிசோதித்த மருத்துவர் சொன்னதுதான். ஆனால் அடுத்த வருடம் அவன் தம்பி லைலைக் கூப்பிட்டார்கள். லைலுக்குப் பாதம் நன்றாக இருந்தது.

லைல் போனான், முழுசாகத் திரும்பி வந்தான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிக்கிற டாங்கர் லாரி ஓட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் தியேட்டருக்குள் காலடி வைத்ததில்லை. ஒவ்வொரு நன்றித் திருநாளிலும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவான். ஒவ்வொரு முறையும் வெர்னன் வான்கோழியை அறுத்துக்கொண்டே கேட்பான். சில வருடம் நானும் அந்த மேஜையில் இருந்திருக்கிறேன்.

"எப்படிடா இருந்துச்சு அங்க?"

"ஈரமா இருந்துச்சு."

"அது தெரியும்டா. வேற?"

"அந்த உருளைக்கிழங்க இப்படித் தள்ளு."

வெர்னனுக்கு முகம் தொங்கிப் போகும். பட்டன், தையல், ஆணி பூட்ஸ் எல்லாம் எதற்காக என்று எனக்கு அந்த மேஜையில்தான் புரிந்தது. தம்பி வாயால் ஒரு வார்த்தை. "நீ செய்யறது சரிதான் வெர்ன், இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை. தான் போகாத இடத்துக்குத் தானும் போய் வந்தவன் என்று யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் யோக்கியதை உள்ளவன் அவன் கணக்கில் உலகத்தில் ஒருவன்தான். அவனோ உருளைக்கிழங்கு கேட்கிறான். பாவம் என்று நினைத்திருப்பேன். ஆனால் வெர்னன் பாவப்பட விடுகிற ஆள் இல்லை. மறு நிமிடமே, அர்லீன் மேஜையில் வைத்த முட்கரண்டி எந்தக் காலத்து வடிவம் என்று ஆரம்பித்துவிடுவான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்த காலத்தில் எங்கள் பக்கம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். உள்நாட்டுப் போர்ப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த மரியாதை அதற்கு வேண்டாம். கூட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. உடுப்பு, துப்பாக்கி, தாடி எல்லாம் சொந்தமாகக் கொண்டுவருகிற வேஷக்காரர்களைவிட மலிவான கூட்டம் எங்கே கிடைக்கும்? வெர்னன் கம்பளக் கடையைப் பூட்டிவிட்டுப் போனான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேஷப் போர்களில் யாரும் சாக விரும்புவதில்லை. இத்தனை தூரம் கார் ஓட்டி வந்துவிட்டு, முதல் வெடிக்கே விழுந்து, மதியம் பூராவும் வெயிலில் கிடக்க எவனுக்கு மனசு வரும்? ஒரு பக்கம் முழுக்கச் சுட்டுத் தீர்த்தாலும் மறு பக்கம் ஒருவன்கூட விழாமல் சிரித்துக்கொண்டே வருவான். அதனால் அவர்களுடைய தளபதிகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஜனவரியிலிருந்து ஜூன்வரை பிறந்தவர்கள் முதல் தாக்குதலில் சாக வேண்டும். வெர்னன் பிறந்தது பிப்ரவரி. போர்க்களத்தில் மட்டும் அவன் அக்டோபரில் பிறந்தவன். தப்பவே முடியாமல் சாக நேர்ந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. நிழலாகப் பார்த்து, காய்ந்த புல்லாகப் பார்த்து, துப்பாக்கியில் ஈரம் படாமல் பத்திரமாக வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வது. இதை அவர்களில் யாரும் கேவலமாக நினைப்பதில்லை. அப்படித்தான் பழகியிருந்தார்கள்.

படப்பிடிப்பிலிருந்து திரும்பிய வெர்னனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நான் சாகறேன் நோரீன்! வேலி ஓரத்துல. கேமரா இதோ, உன் கல்லாப் பெட்டி இருக்கற தூரத்துல இருந்துச்சு."

"எந்த மாசத்துல பொறந்தேன்னு சொன்ன?"

அன்றிலிருந்து ஊர் பூராவும் தம்பட்டம். கம்பளம் அளக்கப் போன வீடுகளில் எல்லாம் தன் சாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். படம் அடுத்த இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. நவம்பருக்கு என் தியேட்டருக்கு எடுத்தேன். நானும் வியாபாரிதானே.

அந்த வாரம் உணவகத்தில் காலைக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். லைல் லாரியை வெளியே நிறுத்திவிட்டு முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெர்னன் வந்து அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை வாடா."

"வேல இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்னடா வேல?"

"மாடு ஞாயித்துக்கிழமையும் கறக்கும்."

"லைல், நான் அதுல சாகறேன்டா. சொந்த அண்ணன் சாகறத பாக்க வரமாட்டியா?"

பரிமாறுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லைல் சிரிக்கவில்லை. முட்டைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு, "எத்தன மணிக்கு?" என்று கேட்டான். வெர்னன் காபியைத் தட்டிவிட்டான், சந்தோஷத்தில்.

ஞாயிறு கூட்டம் நிரம்பி வழிந்தது. வெர்னன் முழு வேஷத்தில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். பட்டன் வைத்தியத்தின் மூத்திர வாசனையில் அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. லைல் கடைசி வரிசையில், கதவோரம், மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் பாதியில் எழுந்து போனால் வழி விட வேண்டுமே என்று.

வேலிக் காட்சி வந்தது. நல்ல மழைக்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள், எங்கும் சேறு. முன்னால் கதாநாயகன் வாளை உருவிக் கத்துகிறான். வெடிக்கிறது. வேலியோரம் நின்றவர்கள் கைகளை விரித்துக்கொண்டு தொப்பென்று சேற்றில் விழுகிறார்கள். ஒருவன் மட்டும் விழவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான், சேறு. அந்தப் பக்கம் பார்க்கிறான், சேறு. நாலு அடி நடந்து போய்ப் புல் திட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். துப்பாக்கியை நனையாமல் வேலியில் சாய்த்து வைக்கிறான். கோட்டின் பின்பக்கத்தைக் கையால் நீவிச் சேர்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்கிறான். படுக்கிறான். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்கிறான். கதாநாயகனின் காதுக்குப் பின்னால் இத்தனையும் பளிச்சென்று தெரிகிறது.

தியேட்டரே குலுங்கியது. லெய்ட்னர் சகோதரர்களின் நாற்காலி ஒருவழியாக அதிர்ந்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் எப்படி? அப்புறம்தான் லைலின் பின்கழுத்தைப் பார்த்தேன். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

முன்கூடத்தில் வெர்னனைப் பிய்த்து எடுத்தார்கள்.

"பாய் போட மறந்துட்டியே வெர்ன்!" என்றான் பெரிய லெய்ட்னர்.

"எல்லாரும் சாகறான், இவன் மட்டும் தூங்கப் போறான்" என்றான் சின்னவன்.

ஹைன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மனிதனால் ஒரு படத்தையே கெடுக்க முடியும்னு இன்னிக்குத்தான் பாத்தேன். அந்தக் காட்சியோட மொத்த அர்த்தமின்மையும் போச்சு."

"அது கையால தெச்ச கோட்டு. அந்தக் கம்பளித் துணியில சேறு பட்டா போகாது, தெரியுமா?" என்றான் வெர்னன். காது இரண்டும் சிவந்திருந்தன. "நெசமான சிப்பாய் உடுப்பைப் பத்திரமாத்தான் வெச்சுக்குவான்."

"செத்த பெறகுமா?" என்றாள் யூனிஸ்.

சிரித்து முடித்துப் பிரெட்செலையும் முடித்து எல்லோரும் போனார்கள். நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். வெர்னன் நாற்காலியில் துவண்டு கிடந்தான். லைல் சுவரோரம் நின்று எல்லோரும் போகிறவரை காத்திருந்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினான்.

"நீ படுத்தது சரிதான் வெர்ன்."

வெர்னன் தலையை நிமிர்த்தினான்.

"ரானி பாவ்லிக்னு ஒருத்தன் எங்கூட இருந்தான். ஜான்ஸ்டவுன் பக்கத்துக்காரன். வயல்ல போயிட்டிருந்தோம், முட்டியளவு தண்ணி. அவனுக்கு வயித்துல குண்டு பட்டுச்சு. எனக்கு அது தெரியல. அவன் பாட்டுக்கு வரப்பு ஏறினான், காஞ்ச எடமா தேடிக்கிட்டுப் போனான். துப்பாக்கிய நனையாம வெச்சான். ஹெல்மெட்டைக் கழட்டிப் பக்கத்துல வெச்சான். அப்படியே படுத்தான், வீட்ல கட்டில்ல படுக்கற மாதிரி." லைல் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான். "நான் அவனைத் திட்டினேன் வெர்ன். தூங்கற நேரமாடா இதுன்னு, கெட்ட வார்த்தையில திட்டினேன். அது அவன் காதுல விழுந்துச்சு. மன்னிச்சுக்கன்னு சொன்னான்."

நான் துடைக்கிற துணியை வைத்துவிட்டேன். இத்தனை வருடம் உருளைக்கிழங்கு கேட்டுக்கொண்டிருந்தவன் இவன்தான்.

"டிவில எல்லாம் கையை விரிச்சுக்கிட்டு விழறானுங்க. நீ படுத்தப்ப எனக்கு அவனைப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்றான் லைல்.

வெர்னன் என்ன செய்திருக்க வேண்டும்? தம்பி கையைப் பிடித்திருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம், அது எந்த மடையனாலும் முடியும். வெர்னன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் பளபளத்தன.

"துப்பாக்கிய எந்தப் பக்கம் வெச்சான்? வலதா, இடதா?"

லைல் அவனைப் பார்த்தான். கோபமில்லை. ஏதோ வேற்று மொழியில் கேட்ட மாதிரிப் பார்த்தான்.

"ஞாபகம் இல்ல" என்றான். ஆனாலும் போகும்போது அண்ணன் தோளில் கை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனான். அவனுக்கு அந்தக் கேள்வியைக்கூட மன்னிக்க முடிந்தது.

கதவு மூடியதும் வெர்னன் துள்ளி எழுந்தான். "கேட்டியா நோரீன்? சரின்னு சொல்லிட்டான்! நீயும் கேட்ட இல்ல?"

"கேட்டேன். அதை உனக்குள்ளயே வெச்சுக்க வெர்ன். அது உங்கிட்ட மட்டும் சொன்னது."

"பின்ன? தெரியாதா எனக்கு?" என்றான்.

அடுத்த ஞாயிறு வேறு ஒரு படம், கடற்படைப் படம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்கு முன்பே வெர்னன் கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டான். இந்த முறையும் வேஷத்தோடு.

"போன வாரம் சிரிச்சீங்க இல்ல? இப்பக் கேளுங்க. என் தம்பி சொன்னது. ரானி பாவ்லிக், ஜான்ஸ்டவுன்."

பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். வயலைச் சொன்னான், தண்ணீர் எவ்வளவு என்று முட்டியைத் தொட்டுக் காட்டினான். நான் கல்லாவிலிருந்து, "வெர்ன், போதும்" என்றேன். யார் காதில் விழுந்தது? அத்தனை பேரும் பிரெட்செலை மறந்து நின்றார்கள். வெர்னன் நடந்தான், வரப்பு ஏறினான், தேடினான். குடை ஒன்றை வாங்கித் துப்பாக்கியாகச் சுவரில் சாய்த்தான். என் முன்கூடத்துத் தரையில் படுத்தான். பிறகு லைலின் குரலில் திட்டினான். பிறகு செத்தவன் குரலில், "மன்னிச்சுக்க" என்றான். அந்தக் குரலை மெல்லிசாக, நடுக்கத்தோடு சொன்னான். வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது.

யூனிஸ் அழுதாள். "அவனுக்கு அம்மா இருந்தாங்களா?" என்று கேட்டாள், அம்மா இல்லாமல் பிறந்திருப்பான் போல. ஹைன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"அற்புதம். இதுதான். எந்தப் படமும் இதைத் தொட்டதில்லை" என்றார்.

"முதுகுல ஜில்லுங்குதுடா" என்றான் சின்ன லெய்ட்னர். "இன்னொரு தடவ படுத்துக் காட்டு வெர்ன். பின்னால நின்னவங்களுக்குத் தெரியல."

எத்தனையோ நவம்பர்களாக ஒரு படத்தைப் பற்றியும் ஒத்துப் போகாத கூட்டம் அது. அன்றைக்கு ஒரே வாயாக ஒத்துப் போனது. வெர்னன் எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

தெருக் கதவு திறந்து குளிர்காற்று வந்தது. லைல் நின்றுகொண்டிருந்தான். தலை வாரி, சுத்தமான சட்டை போட்டிருந்தான். கல்லாப் பக்கம் வந்து மெதுவாக, "வெர்ன் இருக்கானா? தீயணைப்பு நிலையத்துல ஊருக்கே கோழிச் சோள சூப்பு போடறாங்களாம். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். அண்ணனை அவனாகச் சாப்பிடக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நான் பதில் சொல்வதற்குள் நடுவிலிருந்து அந்த மெல்லிய நடுக்கக் குரல் வந்தது.

"மன்னிச்சுக்க..."

லைல் திரும்பினான். கூட்டம் விலகியது. தரையில் அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தான். சின்ன லெய்ட்னர் கை தட்ட ஆரம்பித்து, லைலின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். கைதட்டல் நின்றது ஏன் என்று வெர்னன் கண்ணைத் திறந்தான். தம்பியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"சரியான நேரத்துக்கு வந்தடா! நீயே சொல்லு இவங்களுக்கு. ஹெல்மெட்டை எந்தக் கையால கழட்டினான்?"

பதிலுக்குக் காத்திருந்தார்கள் சனியன்கள். உண்மையிலேயே ஆவலாகக் காத்திருந்தார்கள்.

லைல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "கதவ நல்லா சாத்திக்க நோரீன், குளிர் உள்ள வருது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த நன்றித் திருநாளில் அவன் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வசந்தம் பிறந்தபோது பால் லாரியை வேறு ஒருவன் ஓட்டினான். லைல் ஓஹையோ பக்கம் வேலை தேடிக்கொண்டான் என்று அர்லீன் சொன்னாள். போன் செய்தால் அர்லீனிடம் பேசுகிறானாம், வெர்னனிடம் கொடுக்கிறேன் என்றால் வைத்துவிடுகிறானாம்.

ஒரு மதியம் வெர்னன் தியேட்டருக்கு வந்தான். படம் எதுவும் இல்லாத நாள். வேஷம் இல்லாமல், சாதாரணச் சட்டையில், கல்லாவில் சாய்ந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். எனக்கு அவனைப் பளாரென்று அறைய வேண்டும்போல இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லவும் தயாராக இருந்தேன். ஆனால் அவன் கண்ணைப் பார்த்தபோது, அவனுக்கு உண்மையாகவே ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது.

"அப்படி என்ன தப்புப் பண்ணிட்டேன் நோரீன்? எத்தனையோ தடவ மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டேன். அவன் சொன்னதுல ஒரு விவரத்தைக்கூட நான் மாத்தலையே."